தீவிர சிகிச்சை ஆம்புலன்ஸின் உட்புறத்தை வடிவமைக்கும் முறை

தீவிர சிகிச்சை ஆம்புலன்ஸைத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் கருவிகளின் பட்டியலைத்தான் முதலில் எழுதுகிறார்கள். நோயாளியின் தலைமாட்டில் உள்ள இருக்கையிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து. அங்கு பெல்ட் அணிந்து அமர்ந்தபடியே சுவாசக் குழாயைப் பிடிக்கவும், சளியை உறிஞ்சவும், வென்டிலேட்டரின் அளவுகளை மாற்றவும், மானிட்டரைப் பார்க்கவும் முடிய வேண்டும். எழுந்து நின்றால்தான் சக்ஷன் கருவி எட்டும் என்றால், குழாயில் சளி அடைக்கும் நேரத்தில் செவிலியர் பெல்ட்டைக் கழற்ற வேண்டிவரும். அப்போது ஓட்டுநர் திடீரென பிரேக் பிடித்தால் நோயாளி, செவிலியர் இருவருக்குமே ஆபத்து. ஆகவே வண்டியைக் கட்டுவதற்கு முன்பே, தரையில் சாக்பீஸால் உள்ளளவை வரைந்து, ஸ்ட்ரெச்சரையும் நாற்காலியையும் போட்டு, இந்த வேலையைச் செய்யப்போகும் செவிலியர்களையே அமர வைத்துப் பாருங்கள்.

அடுத்தது ஆக்ஸிஜன். கணக்கு எளிது, ஆனால் தவிர்க்கவே கூடாதது. நிமிடத்துக்கு 60 லிட்டர் ஓட்டத்தில் 60 சதவீத ஆக்ஸிஜன் பெறும் நோயாளிக்கு, மீதி காற்றிலிருந்து வந்தாலும், சிலிண்டரிலிருந்து நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர் செலவாகும். ஏறக்குறைய 1,500 லிட்டர் கொள்ளும் பி டைப் சிலிண்டர் 50 நிமிடத்தில் தீர்ந்துவிடும். 7,000 லிட்டர் கொள்ளும் ஜம்போ சிலிண்டரும் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே வரும். போக்குவரத்து நெரிசலையும், சென்று சேரும் மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் நேரத்தையும் எண்ணி, எதிர்பார்க்கும் தேவையைப்போல் இரு மடங்கு வைத்துக்கொள்வது பாதுகாப்பு. சிலிண்டரை மாற்றும்போது ஓட்டம் அறுபடாதபடி இரண்டை இணைத்து வையுங்கள்.

எந்தக் கருவியையும் பொருத்தாமல் சும்மா வைக்காதீர்கள். ஐரோப்பிய ஆம்புலன்ஸ் தரநிலையான இஎன் 1789, பொருத்திய கருவிகள் புவியீர்ப்பைப்போல் பத்து மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்கிறது. அதாவது ஐந்து கிலோ மானிட்டர் மோதலின்போது ஐம்பது கிலோ எடையின் விசையோடு பாயும். இந்தியாவில் ஏஐஎஸ் 125 தரநிலையைப் பின்பற்ற வேண்டும்.

மின்சாரத்துக்கு, எல்லாக் கருவிகளின் வாட் அளவையும் கூட்டி, அதைவிடக் கூடுதல் திறனுள்ள பியூர் சைன் வேவ் இன்வெர்ட்டரை (பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரம்போல் சீரான அலையாக மாற்றும் கருவி) தேர்ந்தெடுங்கள். நிறுத்தியிருக்கும்போது வெளி மின்சாரத்தில் இணைத்துச் சார்ஜ் செய்யும் வசதியும் வேண்டும். இல்லையேல் மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப்பின் பேட்டரி பாதி வழியில் இறங்கி, ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து நின்றுபோகும்.