20 வருஷ போர்தோவைத் திறக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாட்டிலில் 20, 25 வருஷம் கிடந்த பிரான்ஸின் போர்தோ பகுதிச் சிவப்பு ஒயின் கெட்டுப்போவது பெரும்பாலும் நிலவறையில் இல்லை, குடிப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில்தான். இளம் ஒயினுக்குப் பழகிய கை அதே வேகத்தில் இதையும் திறந்து, ஊற்றி, சுழற்றி, "என்னய்யா இது, ஒன்றுமே இல்லையே" என்று முடித்துவிடுகிறது.

முதலில், பழசு என்றாலே உசத்தி என்ற நினைப்பை விடுங்கள். பிரான்ஸில் தயாராகும் ஒயினில் பெரும்பகுதி சில வருஷங்களுக்குள் குடித்துத் தீர்க்க வேண்டியது. நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை வெளிவரும் போஜோலே நூவோ என்ற இளம் ஒயினைப் பத்து வருஷம் பதுக்கி வைத்து ஒரு பிரயோஜனமும் கிடையாது. போயாக், சேன் ஜூலியன் மாதிரி போர்தோவின் மெடோக் பகுதி ஊர்களின் நல்ல தோட்டம், கூடவே 1982, 1990, 2000, 2005 போல நல்ல விளைச்சல் வருஷம், இரண்டும் சேர்ந்தால்தான் காத்திருந்ததற்கு அர்த்தம். வாங்கும்போது ஒயின் மட்டத்தையும் பாருங்கள். இந்த வயதில் கழுத்தளவுக்காவது நிற்க வேண்டும், தோளுக்கு நடுவே இறங்கியிருந்தால் காற்று உள்ளே போய்விட்டது என்று சந்தேகப்படலாம்.

அடுத்தது, நான் அதிகம் பார்க்கும் தவறு: படுத்துக் கிடந்த பாட்டிலை எடுத்த கையோடு திறப்பது. வயதாக ஆக, துவர்ப்பு தரும் டானினும் நிறமிகளும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கனத்து, மண்டியாகப் படிந்துவிடும். அது கலங்கினால் கசக்கும், வாயில் நறநறக்கும், உள்ளே இருக்கும் மென்மையான வாசனை எதுவும் மேலே வராது. ஒன்றிரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வைத்துவிட்டால் மண்டி அடியில் இறங்கிவிடும். இவ்வளவுதான் வேலை, ஆனால் விருந்து அன்றுதான் எல்லோருக்கும் இது ஞாபகம் வருகிறது.

மூடிக்கு மேல் உறையை வெட்டியதும் கார்க்கின் தலையில் பூஞ்சை தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஈரத் துணியால் துடையுங்கள். கார்க் நொய்ந்துபோயிருக்கும், சாதாரணத் திருகாணி பொடிப்பொடியாக்கிவிடும். இரண்டு மெல்லிய தகடுகள் உள்ள திறப்பான் கிடைக்கிறது. தகடுகளை கார்க்கின் இரு பக்கமும் மாறி மாறி அழுத்தி இறக்கி, மெதுவாகத் திருகிக்கொண்டே மேலே இழுக்க வேண்டும்.

டிகாண்டரில், அதாவது ஒயினை மாற்றி ஊற்றும் கண்ணாடிக் குடுவையில், ஊற்றுவதா வேண்டாமா என்பது தீராத சண்டை. "காற்றாட விடு" என்று இரண்டு மணி நேரம் வைப்பது இளம் ஒயினுக்கு நல்லது, முதிர்ந்ததில் மிச்சமிருக்கும் வாசனை அந்த இரண்டு மணி நேரத்தில் பறந்தே போய்விடலாம். போர்தோவின் எமில் பெய்னோ, ஒயின் தயாரிப்பையே மாற்றிய அறிஞர், மண்டி இருந்தால் மட்டும் ஊற்றிப் பிரித்தெடுங்கள், அதையும் பரிமாறுவதற்குச் சற்று முன் செய்யுங்கள் என்றார். நானும் அந்தக் கட்சிதான். பாட்டில் கழுத்துக்குக் கீழே செல்போன் விளக்கையோ மெழுகுவத்தியையோ வைத்து, நிறுத்தாமல் ஒரே சீராகச் சாய்த்து ஊற்றுங்கள். முதல் கருப்பு இழை தோளைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள், அடியில் தங்குவதற்காக அழ வேண்டாம். பிரான்ஸின் இன்னொரு ஒயின் பகுதியான பர்கண்டி என்றால் இந்த வம்பே இல்லாமல் பாட்டிலிலிருந்தே நிதானமாக ஊற்றுவதுதான் அங்கே வழக்கம்.

சூடு 16 முதல் 18 டிகிரிக்குள் இருக்கட்டும். சென்னை ஹாலில் வைத்திருந்தால் வெறும் சாராய நெடிதான் தூக்கும், ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வையுங்கள்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், வேகமாகச் சுழற்றவும் வேண்டாம். முதல் முகர்வில் அடைத்து வைத்த அறை வாடை வந்தால் பத்து நிமிஷம் பொறுங்கள், பல நேரம் போய்விடும். நேரம் ஆக ஆக நனைந்த அட்டைப்பெட்டி வாடை கூடிக்கொண்டே போனால்தான் கார்க் கெடுத்த பாட்டில், அதற்கு வைத்தியம் இல்லை. விளிம்பில் செங்கல் நிறம் தெரிவதைக் குறையாகச் சொல்பவர்களும் உண்டு, இந்த வயதுக்கு அந்த நிறம்தான் இயல்பு.

அப்புறம் வாய். பழச்சுவையைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். பிளாக்கரண்ட் பழ வாசனை பின்வாங்கிப்போய் தேவதாரு மரம், புகையிலை, தோல், காளான், ஈர இலைச்சருகு என்று வேறு வரிசை முன்னால் வந்திருக்கும். இளமையில் கட்டஞ்சாயா போல நாக்கைப் பிடித்த துவர்ப்பு இப்போது கரைந்து மெல்லியதாக இருக்கும், அதை "தண்ணியா இருக்கு" என்று தள்ளிவிடாதீர்கள். விழுங்கிய பிறகு சும்மா இருங்கள், சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில்தான் தரம் தெரியும்.

கூடவே மிளகாய் தூக்கலான எதையும் வைக்க வேண்டாம். போயாக்கில் ஆட்டுக்குட்டி இறைச்சியை எளிமையாகச் சுட்டுச் சாப்பிடுகிறார்கள், அது போதும். மீந்ததை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் இதில் நடக்காது, அன்றைக்கே முடிக்க வேண்டும். 750 மில்லிதானே, நாலு பேரைக் கூப்பிடுங்கள்.