தென்கடலா, வடகடலா? ராமநாதபுரம் கரையில் வேனும் தூண்டிலுமாக ஒரு நண்பர்கள் பயணம்

அலாஸ்காவில் கேரவன் வண்டியை வாடகைக்கு எடுத்து, நண்பர்கள் சேர்ந்து ஆற்றோரம் நிறுத்தி சால்மன் பிடித்து, அப்படியே பனியாறுகளையும் பார்த்துவிட்டு வருவார்கள். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் எங்களுக்கும் ஆசை வந்தது. நம் கரையில் பனியாறு கிடையாது, பவளப்பாறை இருக்கிறது. சால்மன் கிடையாது, கிழங்கான் இருக்கிறது. ஆறு பேர், ஒரு வேன், இரண்டு இரவு. அதை எப்படிச் செய்வது என்று, தூண்டிலைத் தொட்டே பார்க்காதவருக்கும் புரியும்படி எழுதுகிறேன்.

படி 1: காற்றைக் கேட்டு நாள் குறியுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். ராமநாதபுரத்துக்குக் கடல் ஒன்றல்ல, இரண்டு. தெற்கே மன்னார் வளைகுடா. கரையில் இருப்பவர்கள் தென்கடல் என்பார்கள். வடக்கே பாக் விரிகுடா, அது வடகடல். மண்டபம் பக்கம் ஒரு கடலில் குளித்துவிட்டு மற்றொரு கடலுக்கு நடந்தே போய்விடலாம். தனுஷ்கோடியில் இவற்றையே ஆண்கடல், பெண்கடல் என்று சொல்வதையும் கேட்பீர்கள்.

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். அப்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை பிடித்ததும் நிலைமை தலைகீழாக மாறும். அதனால் "எந்த ஊருக்குப் போகலாம்" என்று தொடங்காதீர்கள். "இப்போது என்ன காற்று" என்று கேளுங்கள், ஊர் தானாக முடிவாகும். முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது பிப்ரவரி, மார்ச். வாடை அடங்கி, கச்சான் இன்னும் எழாத காலம் அது; இரண்டு கடலும் ஓரளவு அமைதியாக இருக்கும்.

கிளம்புவதற்கு முதல் நாள் வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்கு விடுக்கும் எச்சரிக்கையைப் பாருங்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை என்ன செய்தது என்பதை இன்றும் அங்கே நிற்கும் தேவாலயச் சுவர்கள் சொல்லும்.

படி 2: வண்டி, தண்ணீர், தூக்கம்

ஆறு பேருக்கு 12 இருக்கை டெம்போ டிராவலர் தாராளம். பின்னிருக்கைகளில் சாமான், முன்னால் ஆட்கள். மஞ்சள் நம்பர் பிளேட் உள்ள வாடகை வண்டியாக, ஓட்டுநரோடு எடுங்கள். பேட்டா கொடுத்தால் மட்டும் போதாது, அவருக்கு முழு இரவுத் தூக்கமும் கொடுக்க வேண்டும். நாங்கள் இரவில் ஓட்டுவதே இல்லை.

வண்டியை மணலில் இறக்காதீர்கள். வாலிநோக்கத்தில் கடலுக்குப் பக்கமாக நிறுத்தலாம் என்று இருபதடி உள்ளே போனோம். பின் சக்கரம் பாதி புதைந்துவிட்டது. ஓட்டுநர் முடுக்க முடுக்க இன்னும் கீழே போனது. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்து, "முடுக்காதீங்க தம்பி, காத்தை இறக்குங்க" என்றார். டயரில் பாதிக் காற்றை இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் பனைமட்டைகளைப் போட்டு, எல்லோரும் சேர்ந்து தள்ளியதும் வெளியே வந்தது. அன்றிலிருந்து வண்டியில் காற்றடிக்கும் பம்பு, கயிறு, மண்வெட்டி மூன்றும் எப்போதும் இருக்கும். இந்தப் பக்கம் சீமைக்கருவேல முள் டயரையும் விடாது, செருப்பையும் விடாது. ஸ்டெப்னியைச் சரிபார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

கரையோரக் கிணறுகள் பெரும்பாலும் உப்பு. குடிக்க, சமைக்க மட்டும் 20 லிட்டர் கேன் நான்கு ஏற்றிக்கொள்ளுங்கள். இரவு ஆளில்லாத கடற்கரையில் தங்க வேண்டாம். இது எல்லையோரக் கடல், ரோந்து இருக்கும். ஊருக்குள் பெட்ரோல் பங்க் அல்லது கல்யாண மண்டப வளாகத்தில் கேட்டு நிறுத்திக்கொள்ளலாம். ஆளுக்கொரு அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

படி 3: கைத்தூண்டில் கட்டுவது

கம்பும் சக்கரமும் உள்ள விலை உயர்ந்த தூண்டில் முதலில் தேவையில்லை. கைத்தூண்டில் போதும், மீன் கடிப்பதை விரலிலேயே உணரலாம். 0.40 மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலான் நரம்பு 40 மீட்டர், காது (நரம்பு கோக்கும் துளை) உள்ள சின்னத் தூண்டில் முள் பத்து, 30 முதல் 50 கிராம் வரை ஈயக்குண்டு சில. நரம்பை ஒரு காலித் தண்ணீர் பாட்டிலில் சுற்றிவிடுங்கள்.

ஈயம் நுனியில். அதற்கு ஒரு முழம் மேலே ஒரு சாண் நீளக் கிளை நரம்பில் ஒரு முள், இன்னொரு முழம் மேலே இன்னொன்று. முடிச்சுதான் உயிர்: நரம்பின் நுனியை முள்ளின் காதுக்குள் விட்டு, அதே நரம்பின்மேல் ஐந்து சுற்று சுற்றுங்கள். காதை ஒட்டி ஒரு சின்ன வளையம் நிற்கும். நுனியை அதற்குள் நுழைத்து, எச்சில் தொட்டு, மெல்ல இழுத்து இறுக்குங்கள். ஈரமில்லாமல் இழுத்தால் உராயும் சூட்டில் நரம்பு அந்த இடத்திலேயே பலம் இழந்துவிடும். பெரிய மீன் அறுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் இதனால்தான்.

இரைக்கு இறால் துண்டு அல்லது கணவாய்த் துண்டு. இறால் சீக்கிரம் கரையும், மீனுக்குப் பிடிக்கும். கணவாய் முள்ளில் நின்று பிடிக்கும். முள்ளின் நுனி மட்டும் லேசாகத் தெரியட்டும். வீசுவதற்கு முன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பாருங்கள். வீசியதும் நரம்பை இறுக்கமாக வைத்து, ஆள்காட்டி விரலில் போட்டுக்கொண்டு காத்திருங்கள். டக் டக் என்று இரண்டு தட்டு வரும். அப்போது இழுக்காதீர்கள், மீன் ருசி பார்க்கிறது. மூன்றாவது தட்டில் நரம்பு நகரும்; அப்போது மணிக்கட்டை ஒரு சுண்டு. விடியலும் அந்தி நேரமும்தான் நல்ல வேளை.

படி 4: எங்கே போடக்கூடாது

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா. அங்கே தூண்டில் போடுவதும், அனுமதி இல்லாமல் இறங்குவதும் குற்றம். காசு கொடுத்து மீன்பிடி வள்ளத்தில் ஏறிப் போகவும் கேட்காதீர்கள். அந்த மீனவருக்குத்தான் சிக்கல் வரும்.

சேதுக்கரையிலும் தேவிபட்டினம் நவபாஷாணத்திலும் மக்கள் தர்ப்பணம் செய்து குளிப்பார்கள். அங்கே முள் வீசவே வேண்டாம். பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். கரைவலை இழுக்கும் இடம் என்றால் தூண்டிலைச் சுற்றி வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடியுங்கள். கூடச் சேர்ந்து இழுத்தவருக்குக் கைநிறைய மீன் கொடுக்கும் நல்ல மனது இந்தக் கரையில் உண்டு.

கடல் அட்டை, கடல் குதிரை, பவளம், ஆமை எதையும் கையில் எடுக்காதீர்கள், கரையில் செத்து ஒதுங்கியிருந்தாலும் சரி. எல்லாம் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை.

படி 5: வழி

கச்சான் காலம் என்றால் வடகடல் ஓரம்: தொண்டி, காரங்காடு, தேவிபட்டினம், உச்சிப்புளி வழியாக அரியமான். காரங்காட்டில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்தும் அலையாத்திக் காட்டுப் படகுப் பயணம் உண்டு. காலையிலேயே போய்விடுங்கள், பறவைகள் அப்போதுதான். வாடை காலம் என்றால் தென்கடல் ஓரம்: சாயல்குடி, வாலிநோக்கம், ஏர்வாடி, கீழக்கரை, சேதுக்கரை. கீழக்கரையில் தொதல் என்ற இனிப்பை வாங்காமல் தாண்டக்கூடாது.

எந்த வழியானாலும் கடைசி நாள் பாம்பன், அப்புறம் தனுஷ்கோடி. அங்கே நிலம் முடியும் அரிச்சல்முனையில் இறங்கிக் குளிக்காதீர்கள், நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும், இருட்டிய பின் அங்கே இருக்க விடமாட்டார்கள்.

படி 6: பவளம் பார்ப்பது

பாம்பனை அடுத்த குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகு போகும். காற்று பலமானால் ஓடாது, அதனால் முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறும் முன் தண்ணீர் தெளிவாக இருக்கும்.

அலாஸ்காவில் எக்ஸிட் பனியாற்றுக்குப் போகும் பாதையில் ஆண்டு எழுதிய பலகைகள் நட்டிருக்கிறார்கள். அந்தந்த ஆண்டில் பனி அதுவரை இருந்தது என்று அர்த்தம். நம் பவளத்துக்குப் பலகை இல்லை, ஆனால் கதை அதே வெப்பம்தான். 2016-இல் கடல் சூடேறிப் பல இடங்களில் பவளம் வெளுத்துப்போனது. அதற்கு முன்பே மனிதர்கள் பவளக்கல்லை வெட்டி எடுத்ததில் 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. இதைத் தெரிந்துகொண்டு படகில் ஏறினால், கீழே தெரியும் ஒவ்வொரு கொம்புப் பவளத்தையும் வேறு மாதிரிப் பார்ப்பீர்கள்.

படி 7: பிடித்த மீனைக் கையாள்வது

தெரியாத மீனை வெறும் கையால் பிடிக்காதீர்கள். கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள். ஓராவின் முள்ளும் விஷம். திருக்கைக்கு வாலில் கொடுக்கு. குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை ஊறவையுங்கள், வலி குறையும்; அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஊதிக்கொள்ளும் பேத்தையை உடனே கடலில் விடுங்கள். அதன் விஷம் சமைத்தாலும் போகாது. விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகளையும் திருப்பி விட்டுவிடுங்கள்.

மற்றதை உடைத்த ஐஸ் போட்ட தெர்மகோல் பெட்டியில் வையுங்கள். இரவுக்குக் கருவேலங்கரி அடுப்பு. ராமநாதபுரம் குண்டு மிளகாயை ஊறவைத்து, உப்பு, மஞ்சள், புளிக்கரைசலோடு அரைத்து, கீறிய கிழங்கானில் தடவி அரை மணி நேரம் விட்டுச் சுட வேண்டும். தோல் வெடித்து எண்ணெய் சொட்டும்போது திருப்பிப் போடுங்கள், அதற்கு முன் தொட்டால் கம்பியில் ஒட்டிக்கொள்ளும்.

படி 8: திரும்பிய அன்றே

வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள், உப்பு இரும்பைத் தின்றுவிடும். முள்ளை நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி டப்பாவில் போடுங்கள். சிக்கலான நரம்பைக் கரையில் விட்டுவரக் கூடாது, ஆமையும் பறவையும் அதில் மாட்டிக்கொள்ளும்; துண்டு துண்டாக நறுக்கி வீட்டுக் குப்பையில் சேருங்கள். அப்புறம் டயர் காற்றை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை ஒப்படைக்கலாம்.