பழைய சேலையில் இஸ்தோப்புக்கு ஒரு கால்மிதி

இலங்கை மலையகத்தின் அட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கங்களில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை விடாது பெய்யும்போது, மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களின் காலோடு சேறும் வாசல் திண்ணையான இஸ்தோப்பைத் தாண்டி வீட்டறையான காம்பராவுக்குள் வந்துவிடும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் ஒக்டோபருக்குப் பிறகு இதே தொல்லைதான். இதற்குக் கனமான கால்மிதி ஒன்றை வீட்டிலேயே பின்னிக்கொள்ளலாம். ஒரு பழைய சேலை, ஒரு வெற்றுச் சாக்கு, கோணி ஊசி, நைலோன் நூல், பழுதான சைக்கிள் டியூப் ஆகியவை போதும்.

சேலை பருத்தியாக இருப்பது முக்கியம். செயற்கை இழையாலான நைலெக்ஸ் சேலை சீக்கிரம் காய்ந்தாலும் காலின் ஈரத்தை உறிஞ்சாது. தேயிலைக் கொழுந்து பறிக்கக் கட்டிய சேலையானால் முதலில் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பாருங்கள்; இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்குக்குக் கீழே தெரியும் கரையோரம் செடியில் உரசி உரசி, நூல் நைந்து சல்லடையாகத் தெரியும். அந்தப் பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, எஞ்சியதில் எட்டு சென்ரிமீற்றருக்கு ஒரு வெட்டு வைத்து நீளவாக்கில் கையால் கிழித்தால் நூலோட்டத்திலேயே நேராகக் கிழியும். ஐந்தரை மீற்றர் சேலையில் பத்துப் பட்டிகளுக்கு மேல் கிடைக்கும்.

மூன்று பட்டிகளைச் சேர்த்துச் சடை பின்னுவதுபோலப் பின்னுங்கள். பட்டிகளை வெவ்வேறு நீளத்தில் வைத்துக்கொண்டால் ஒட்டுகள் மூன்றும் ஒரே இடத்தில் விழுந்து புடைக்காது. பட்டி முடியும் இடத்தில் முடிச்சுப் போட வேண்டாம், அது காலில் உறுத்தும். இரண்டு நுனிகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்துவிடுவதே நல்லது. பின்னும்போது நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

இனி வடிவம். 60 சென்ரிமீற்றர் நீளமும் 40 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட நீள்வட்டம் வேண்டுமானால், நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்து வரும் 20 சென்ரிமீற்றரே நடுச்சடையின் நீளம்; எந்த அளவுக்கும் இதே கணக்குத்தான். அந்த நடுச்சடையைச் சுற்றி மிகுதியை வளைத்துக்கொண்டே வந்து, இரண்டு சடைகளின் ஓரத்திலுள்ள கண்ணிகளுக்கிடையே (பின்னல் மடிப்புகளுக்கிடையே) நூலைக் கோத்து இணையுங்கள். நேரான பக்கத்தில் கண்ணிக்குக் கண்ணி கோக்கலாம். வளைவில் மட்டும் அப்படிச் செய்யாமல் வெளிச்சடையில் இடையிடையே ஒரு கண்ணியைத் தாண்டிக் கோக்க வேண்டும், ஏனெனில் வெளிச்சுற்றுக்கு உட்சுற்றைவிடக் கூடுதல் நீளம் தேவை. தாண்டாமல் இழுத்துத் தைத்தால் ஓரம் கிண்ணம்போல் மேலெழும்பும், அளவுக்கு மீறித் தாண்டினால் அலையலையாகச் சுருங்கும். அதனால் மடியில் வைத்துத் தைக்காமல் தட்டையான பலகையில் வைத்துத் தைத்து, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். எழும்பியிருந்தால் அந்தச் சுற்றை மட்டும் உடனே பிரித்துவிடுங்கள். அடுத்த சுற்று அதைச் சரிசெய்யாது.

அடியில் வைக்கச் சணல் சாக்கு வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் அது உக்கிவிடும். பிளாஸ்ரிக் இழையில் நெய்த அரிசிச் சாக்கு பொருத்தமானது. உரப்பைதான் இருக்கிறதென்றால் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து அலசுங்கள். யூரியா மிச்சமிருந்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு எப்போதும் நசநசவென்றிருக்கும். பூச்சி மருந்து, களை மருந்து வந்த பைகளைத் தொடவே வேண்டாம். வெட்டிய ஓரம் இழை பிரியுமாதலால் இரண்டு மடிப்பாக மடித்துத் தைக்க வேண்டும். இந்தச் சாக்கு நனைந்த சீமெந்துத் தரையில் வழுக்கும். முதியவர்கள் இருக்கும் வீட்டில் இது பெரிய ஆபத்து. ஆகையால் டியூப்பைப் பட்டைகளாக வெட்டிச் சாக்கின் அடிப்பக்கத்தில் குறுக்காகத் தைத்த பிறகே மேற்பகுதியோடு இணையுங்கள்.

இணைக்கும் தையல் நீளத் தையலாக, எளிதில் பிரிக்கக் கூடியதாக இருக்கட்டும். சவுக்காரம் போட்டுக் கழுவும் நாளில் இரண்டையும் பிரித்துத் தனித்தனியே உலர்த்தினால் இடையில் பூஞ்சணம் பிடிக்காது. வெயில் இல்லாத நாட்களில் அடுப்புக்கு மேலுள்ள கொடியில் பின்னலை மட்டும் போடலாம். சாக்கை நெருப்புக்கு அருகே கொண்டுபோகாதீர்கள், அது உருகிவிடும்.