போதை பற்றி வகுப்பெடுக்கப் போகிறவர்களுக்கு

போன மாதம் புதுத் தன்னார்வலர்கள் இரண்டு பேரோடு ஒரு பள்ளிக்குப் போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால், பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் அடித்த கூத்தையெல்லாம் ஒன்று விடாமல் அடிக்கிறார்கள். மைக் இரைச்சல், நீளமான பேச்சு எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். மற்றதைச் சொல்கிறேன்.

“யாரெல்லாம் போட்டிருக்கீங்க? கை தூக்குங்க”

இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. நானும் கேட்டவன்தான். பத்தாம் வகுப்பு. “அண்ணன்கிட்ட மறைக்காம சொல்லுங்கப்பா” என்றேன். மூன்றாம் வரிசையில் ஒருவன் கையைத் தோள் வரைக்கும் தூக்கினான். பக்கத்தில் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிவதுபோல இறக்கிக்கொண்டான். சுவரோரம் நின்ற ஆசிரியர் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். பார்த்தேன், ஆனால் உறைக்கவில்லை. திங்கட்கிழமை அப்பாவைக் கூப்பிட்டார்கள். அந்த வாரமே கையில் டி.சி. அவன் போட்டது உதட்டுக்குள் அடக்கும் புகையிலை, அதுவும் இரண்டு மாதமாகத்தான். அப்புறம் லாரிப் பட்டறையில் சேர்ந்துவிட்டான் என்று கேள்வி. அங்கே ஒளித்துப் போடக்கூட வேண்டியதில்லை.

இப்போது எல்லாருக்கும் துண்டுச்சீட்டு கொடுக்கிறேன். கேள்வி இருந்தால் கேள்வி, இல்லையென்றால் பிடித்த சாப்பாடு. எல்லார் பேனாவும் ஓடினால்தான் கேட்டது யார் என்று தெரியாது. சீட்டுகள் என்னோடு வந்துவிடும், ஆசிரியருக்குக் கிடையாது. இதைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுவேன். பரோட்டா, பிரியாணிக்கு நடுவே “அப்பா குடிச்சிட்டு வந்து அடிச்சா யார்கிட்ட சொல்றது?” என்று ஒரு சீட்டு வரும். அதற்காகவே குழந்தைகள் உதவி எண் 1098 மனப்பாடமாக இருக்க வேண்டும்.

நோட்டில் பெயர் எழுதியே தீர வேண்டுமென்றால் விற்றவன் பெயரை எழுதட்டும். பிள்ளைகளுக்குப் புகையிலையோ மதுவோ போதைப்பொருளோ கொடுத்தால் 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவல்.

புற்றுநோய்ப் படத்தோடு முடித்துக்கொள்வது

பதினாலு வயதுப் பையனுக்கு ஐம்பது வயது என்பது வேறு யாருக்கோ வருவது. நான் மூன்று விரலைச் சேர்த்து நெட்டுவாக்கில் வாய்க்குள் விட்டுப் பார்க்கச் சொல்வேன். பாக்குக் கலந்த குட்கா, மாவா போடுகிறவர்களுக்கு வாயின் உட்பக்கம் இறுகிக்கொண்டே வரும்; ஒரு கட்டத்தில் மூன்று விரல் போகாது. வீட்டுக் கண்ணாடி முன்னால் பார்க்கட்டும். வகுப்பில் வேண்டாம், அதுவும் ஒருவகைக் கை தூக்கல்தான்.

ஒயிட்னர், பஞ்சர் பசை பேச்சை நானாக எடுப்பதில்லை. சீட்டில் வந்தால் சுற்றி வளைக்காமல் சொல்வேன்: முகர்ந்த முதல் தடவையே இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம்.

பொட்டலத்தைக் கொண்டுபோய்க் காட்டுவது

இலவச விளம்பரம்.

“இந்தக் காலத்துப் பசங்களே இப்படித்தான்”

தொடாதவர்கள்தான் வகுப்பில் அதிகம். இப்படிப் பேசினால் தொடாதவனுக்கு என்ன தோன்றும்? நாம்தான் தனியாள் போல என்று.

ஜூன் 26, போதை ஒழிப்பு நாள் அன்று மட்டும் போவது

பையன்கள் வாய் திறப்பது இரண்டாம் தடவைதான்.

உதவி எண்ணை வாயால் மட்டும் சொல்வது

போதையிலிருந்து மீள உதவும் எண் 14446. கட்டணமில்லை. கரும்பலகை ஓரத்தில் எழுதி, அழிக்காமல் வாருங்கள்.