போர்னா மூளைக்காய்ச்சல்: டி செல் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காய்ச்சல், தலைவலி என்று தொடங்கும். சில நாட்களில் பேச்சு குழறும், ஆள் தடுமாறுவார், பிறகு கோமா. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் ஆண்டுக்குச் சிலரை இப்படித் தாக்குவது போர்னா நோய் வைரஸ் 1. சாக்ஸனியில் உள்ள போர்னா என்ற ஊரில் 19-ஆம் நூற்றாண்டில் குதிரைகள் கூட்டமாக மடிந்ததால் வந்த பெயர். மனிதரையும் கொல்லும் என்பது 2018-ல்தான் உறுதியானது. ஒரே கொடையாளரின் உறுப்புகளைப் பெற்ற மூவருக்கு அது தொற்றி, இருவர் இறந்தார்கள். தொற்றியவர்களில் மிகச் சிலரே பிழைக்கிறார்கள். அதனால்தான், உயிரோடு இருக்கும்போதே நோயைக் கண்டுபிடிப்பது இவ்வளவு முக்கியமாகிறது.

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. முதுகுத் தண்டிலிருந்து எடுத்த நீரில் பிசிஆர், அதாவது வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை செய்து, 'வைரஸ் இல்லை' என்று வந்ததும் போர்னாவைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். இந்த வைரஸ் நரம்பு செல்லின் உட்கருவுக்குள் பதுங்கிப் பெருகுகிறது, செல்லை உடைத்துக்கொண்டு வெளியே கொட்டுவதில்லை. மூளைத் திசுவில் நிறைந்திருக்கும்போதும் தண்டுவட நீரில் அகப்படாமல் போகலாம். ஆன்டிபாடியும் சிலருக்குத் தாமதமாகவே தென்படும். இதற்குள் மூளையை அழிப்பது பெரும்பாலும் நம் உடலின் நோய் எதிர்ப்பு வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்கள்தான்: வைரஸ் புகுந்த நரம்பு செல்களைத் தேடித் தேடிக் கொல்கின்றன. அப்படியானால் அந்த டி செல்களையே விசாரிக்கலாமே என்பதுதான் எலிஸ்பாட் பரிசோதனையின் யோசனை. ரத்தத்தின் வெள்ளை அணுக்களைப் பிரித்து, வைரஸ் புரதத்தின் துணுக்குகளோடு ஓர் இரவு வைக்கிறார்கள். அந்த வைரஸை ஏற்கெனவே சந்தித்த டி செல் இன்டர்ஃபெரான் காமா என்ற எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கும். அது ஒரு புள்ளியாகத் தெரியும், புள்ளிகளை எண்ணுவார்கள். காசநோய்க்கு இதே முறை பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது.

இங்கே சோதிக்கப்படுவது உயிருள்ள செல். ரத்தக் குழாயை வழக்கம்போல் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் அனுப்பினால், ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்வது சோர்ந்துபோன செல்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் சேர்த்த குழாயில் எடுத்து, அறை வெப்பத்திலேயே, சில மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். எடுப்பதற்கு முன்பே ஆய்வகத்துக்கு ஒரு போன் போட்டுவிடுவது நல்லது.

ஸ்டீராய்டு விஷயத்தில் எனக்கு உண்மையான கவலை உண்டு. இத்தகைய நோயாளியைப் பார்த்ததும் உடலின் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்கும் தன்னெதிர்ப்பு மூளை அழற்சியோ என்று சந்தேகித்து ஸ்டீராய்டு தொடங்குவார்கள். அது நியாயமான சிகிச்சைதான், தள்ளிப்போடச் சொல்லவில்லை. ஆனால் முதல் ஊசிக்கு முன் இரண்டு குழாய் ரத்தம் எடுத்துவைக்க ஐந்து நிமிடம் போதும். ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியை அடக்குவதால், பிறகு எடுத்தால் டி செல்கள் மௌனமாகியிருக்கக்கூடும். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தை எப்போதும் எடுக்கும், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களுக்கு இந்தச் சிக்கல் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது.

அந்த மௌனத்தை 'நெகட்டிவ்' என்று எழுதிவிடுவது ஆபத்தான தவறு. எந்த டி செல்லையும் உசுப்பிவிடும் பொருளை மட்டும் சேர்த்து, சோதனைத் தட்டில் ஒப்பிடுவதற்காக வைக்கும் குழியிலும் புள்ளிகள் வரவில்லை என்றால், அந்தச் சோதனை எதையும் சொல்லவில்லை. 'தீர்மானிக்க முடியவில்லை' என்று எழுதி, மீண்டும் ரத்தம் கேட்க வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 1990-களில் மனச்சோர்வு, மனச்சிதைவு நோயாளிகளின் ரத்தத்தில் போர்னா இருப்பதாக ஆய்வுகள் வந்தன. கிடைத்த மரபணு வரிசைகள் ஆய்வகத்தில் வளர்த்த வைரஸ்களோடு ஒத்துப்போக, பிசிஆரில் கலப்படம் என்று பின்னர் தெரிந்தது. எவ்வளவோ குடும்பங்கள் அதை நம்பியிருக்கும். அரிய நோய்க்கு, காரணமில்லாமல் எல்லோரையும் சோதித்தால் வரும் பாசிட்டிவ்களில் பல பொய்யாகவே இருக்கும். எலிஸ்பாட் இன்னும் ஆய்வு நிலைத் துணைச் சோதனைதான். எம்ஆர்ஐ, ஆன்டிபாடி, தேவைப்பட்டால் மூளைத் திசு ஆகியவற்றோடு சேர்த்தே அதைப் படிக்க வேண்டும். ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு இதை அப்படியே பொருத்தவும் முடியாது. அதற்குத் தடுப்பூசி போட்டவரின் டி செல்களும், அதன் உறவுக்கார வைரஸால் வரும் டெங்கு முன்பு வந்தவரின் டி செல்களும்கூட அங்கே புள்ளி போடக்கூடும்.

யாரைச் சோதிப்பது என்பதற்கு நோயாளியின் கதைதான் வழிகாட்டி. வைரஸைச் சுமப்பது முதுகு கருத்து வயிறு வெளுத்த ஒரு வகை மூஞ்சூறு. 'மூஞ்சூறைத் தொட்டீர்களா?' என்று கேட்டு, இல்லை என்றதும் விட்டுவிடக் கூடாது. பலருக்கு அதைப் பார்த்த நினைவே இருக்காது. பூனை எதைக் கவ்விக்கொண்டு வந்தது, விறகுக் கொட்டகையை யார் பெருக்கியது, தோட்டத்தில் செத்துக் கிடந்ததை யார் எடுத்துப் போட்டது என்று வீட்டாரிடம் கேட்க வேண்டும். நோயாளி பதில் சொல்லும் நிலையில் இருக்க மாட்டார்.