அடைத்த உருளைக்கிழங்கு ஃப்ரீசரில் நீர் விடாமலிருக்க

ஓவனில் தோலோடு சுட்டு, உள்ளே பூரணம் அடைத்த உருளைக்கிழங்கை ஃப்ரீசரில் வைப்பதாக இருந்தால், வெந்த சதையைச் சுரண்டியெடுத்து, சூட்டோடு வெண்ணெயும் சீஸும் சேர்த்து மசித்த பிறகே தோலுக்குள் அடையுங்கள். நான்கு பெரிய கிழங்குக்கு 50 கிராம் வெண்ணெய், 100 கிராம் சீஸ் போதும். தோலோடு அரை சென்டிமீட்டர் சதையை விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் அடைக்கும்போதே கிழியும்.

மசிக்காத கிழங்கில் உறையும் நீர் செல்சுவர்களை உடைத்துவிடும். உருகியதும் பஞ்சுபோலாகி நீர் விடும். கொழுப்பு கலந்த மசியலில் இந்தத் தொல்லை குறைவு.

ஆறியதும் (ஆவி இருந்தால் மேலே பனி படியும்) தட்டில் இடைவெளி விட்டு 2 மணி நேரம் உறையவிட்டு, தனித்தனியாக ஃபாயிலில் சுற்றிப் பையில் போடுங்கள். 2 மாதம் வரை ருசி கெடாது. சூடாக்கும்போது உருகவிடாமல் நேராக 180 டிகிரி ஓவனில் ஃபாயிலோடு 30 நிமிடம், பிரித்துவிட்டு இன்னும் 15 நிமிடம். நடுவில் செருகிய கத்தியின் நுனி நன்றாகச் சுட வேண்டும். அவசரத்துக்கு மைக்ரோவேவ் என்றால் ஃபாயிலை எடுத்துவிடுங்கள். ஆனால் தோல் தொளதொளத்துவிடும்.

மயோனைஸ், தயிர், தக்காளி, பச்சை வெங்காயம் சேர்த்த பூரணத்துக்கு இது ஒத்துவராது. கிழங்கைச் சூடாக்கிய பிறகு அவற்றை மேலே வைத்துக்கொள்ளலாம்.