விஷ்ணுகிரந்தியைத் தேட வேண்டிய நேரம்

தரவையில், அதாவது திறந்த மேய்ச்சல் வெளியில், விஷ்ணுகிரந்தி என்ற மூலிகையைத் தேடுவதென்றால் காலை எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் போங்கள். மாடு மேய்ந்து புல் கட்டையாக இருக்கும் மேட்டுப் பக்கத்தில் பாருங்கள். உயர்ந்த புல்லுக்குள் மினக்கெட வேண்டாம்.

அதன் பூ காலையில் விரிந்து வெயில் ஏற ஏறச் சுருங்கிவிடும். சட்டைப் பொத்தானை விடச் சிறிய நீலப் பூ, நடுவில் வெண்மை. அதை விட்டால் செடியைக் காட்டிக் கொடுக்க வேறொன்றும் இல்லை. மெல்லிய தண்டும் பட்டுப் போன்ற மயிர் படர்ந்த சின்ன இலைகளும் தரையோடு படுத்துப் புல்லோடு கலந்துவிடும். வெயிலை விரும்பும் செடி என்பதால் உயரமான புல்லின் நிழலில் அது தழைப்பதில்லை. மாடு மேய்வது ஒருவகையில் அதற்கு உதவிதான்.

காய்ச்சல் கசாயத்துக்கு எடுப்பவர்கள் தயவுசெய்து எல்லாவற்றையும் வேரோடு பிடுங்காதீர்கள். மரத்தன்மையுள்ள அடிக்கட்டையை மண்ணில் விட்டால் மழைக்கு மறுபடி துளிர்க்கும். நீலப் பூவோடு கொடியாகச் சுற்றி ஏறினால் அது காக்கணங்கொடியாக இருக்கலாம். விஷ்ணுகிரந்தி எதிலும் சுற்றாது.

மாரி மழை ஓய்ந்த தை, மாசியில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கத்து மேய்ச்சல் தரைகளிலும் இந்த வழி நன்றாகச் சரிவரும். மூட்டமான நாளில் பூ சரியாக விரியாது, அன்று போய்ப் பயனில்லை. ஆவணி வெயிலில் தரவை கருகிக் கிடக்கும்போதும் அப்படித்தான். தண்ணீர் தேங்கும் வில்லுப் பள்ளங்களில் எந்த மாதமும் தேட வேண்டாம்.